ஊஞ்சலுக்குக் கீழே உள்ள தரையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. முதல் முறையாக எங்கள் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறேன். என் பகுதியில் மன்றத்துக்குச் சொந்தமான 2,000 சதுர மீட்டர் இடம் சும்மா கிடக்கிறது. அங்கே விளையாட்டுக் கருவிகளும் திறந்தவெளி ஜிம்மும் அமைக்க நிதி வந்திருக்கிறது. மூன்று மாதத்துக்குள் செலவு செய்யாவிட்டால் பணம் திரும்பப் போய்விடும். பொறியாளர் ஒரு நிறுவனத்தின் விலைப்புள்ளியைக் கொண்டுவந்து, கோபுரமும் சறுக்குமரமும் சேர்ந்த பெரிய செட் ஒன்று, ஊஞ்சல் நான்கு, ஜிம் கருவி ஆறு என்று காட்டுகிறார். இளைஞர்கள் பந்து விளையாட இடம் கேட்கிறார்கள். பெரியவர்கள் நடைபாதை கேட்கிறார்கள். தாய்மார்கள் கழிப்பறை கேட்கிறார்கள். பக்கத்துப் பகுதியில் ஆறு வருடத்துக்கு முன் போட்ட பூங்கா பாழாகிக் கிடக்கிறது. ஒரு ஊஞ்சலில் ஒரு பக்கச் சங்கிலி அறுந்து தொங்குகிறது, பிள்ளைகள் அதையும் பிடித்துத்தான் ஆடுகிறார்கள். இதற்கும் அதே கதி வரக் கூடாது. எதில் தொடங்குவது? கையெழுத்துப் போடலாமா?

பதில்: அன்புள்ள உறுப்பினர் அவர்களுக்கு, வணக்கம்.

முதலில் அந்த ஊஞ்சல். இந்தப் பதிலை மேலே படிப்பதற்கு முன்னால் யாரையாவது அனுப்பி அதைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற ஆள் கிடைக்காவிட்டால் சங்கிலியைக் குறுக்குக் கம்பியில் சுற்றி, கை எட்டாத உயரத்தில் கட்டிவிடச் சொல்லுங்கள். புதுப் பூங்காவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், அது காத்திருக்கும். அந்தச் சங்கிலி காத்திருக்காது.

அப்புறம், ஒரு நாள் காலையில் பொறியாளரையும் அழைத்துக்கொண்டு அந்தப் பாழான பூங்காவுக்குப் போங்கள். உங்களுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது. எது உடைந்திருக்கிறது, எது உடையாமல் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். இரும்புத் தூண் தரையைத் தொடும் இடத்தில் துருப்பிடித்திருக்கிறதா? தண்ணீர் தேங்கும் இடம் அது. ஊஞ்சல் கொக்கி தேய்ந்திருக்கிறதா? உலோகம் உலோகத்தில் உரசும் இடத்தை யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஜிம் கருவியின் மிதி ஆடுகிறதா? பேரிங் போயிருக்கும், மாற்று பேரிங் வாங்கி வைக்கவில்லை. பூங்கா பாழாகிவிட்டது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கிட்டப் போய்ப் பார்த்தால் அது மூன்று நான்கு சின்னக் காரணங்களில் வந்து நிற்கும். அவற்றில் பெரும்பாலானவை வாங்கும்போதே தடுத்திருக்கக் கூடியவை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், உங்களுடையதைப் போலவே அவசரமாக முடிக்க வேண்டிய ஒரு பூங்காவுக்குத் திட்டம் போட்டேன். கிடைத்த பணம் முழுவதையும் கருவிகளில் போட்டோம். திறப்பு விழா அன்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. தரையை அடுத்த நிதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம், அடுத்த நிதி வரவே இல்லை. இரண்டாவது ஆண்டில், மிதிபட்டு மிதிபட்டுக் கல்லாக இறுகிப்போன மண்ணில் ஒரு சிறுமி ஏணியிலிருந்து விழுந்து கை முறிந்தது. அந்த ஏணியில் ஒரு குறையும் இல்லை, தரைதான் தவறு. அந்த வரைபடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அதனால்தான் உங்களிடம் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

விளையாட்டு இடங்களில் நடக்கும் காயங்களில் பெரும்பங்கு விழுவதால் வருபவை. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1981 முதல் பொது விளையாட்டு இடங்களுக்கான கையேட்டை வெளியிட்டு வருகிறது, ஐரோப்பாவில் ஈ.என். 1176 என்ற தரநிலை 1998-இல் வந்தது. இரண்டிலும் திரும்பத் திரும்ப வருவது ஒரே விஷயம்: பிள்ளை எவ்வளவு உயரத்திலிருந்து விழலாம், விழுந்தால் எதன்மேல் விழும். ஐரோப்பியத் தரநிலைப்படி விழும் உயரம் 3 மீட்டரைத் தாண்டவே கூடாது. ஏறும் கருவிகளுக்குக் கீழே கான்கிரீட்டோ தாரோ எந்த உயரத்துக்கும் ஆகாது. இறுகிய மண்ணும் அதே வகைதான், பார்க்க மென்மையாகத் தெரிவதால் ஏமாந்துவிடுகிறோம். நல்ல புல்தரை ஒரு மீட்டர் உயரம் வரை தாங்கும், ஆனால் ஊஞ்சலுக்கு அடியில் ஒரு மாதம்கூடப் புல் நிற்காது.

சரி, என்ன போடுவது? களிமண்ணும் வண்டலும் கலக்காத மணல், அல்லது மரச்சில்லு. 2 மீட்டர் உயரத்துக்கு 20 செ.மீ. ஆழம், 3 மீட்டருக்கு 30 செ.மீ. கால் பட்டு விலகிப்போவதற்காக இதற்கு மேல் இன்னொரு 10 செ.மீ. சேர்த்துக்கொள்ள வேண்டும். மணலுக்கு அடியில் தண்ணீர் வடிய வழி வேண்டும், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே அது குட்டையாகும், காய்ந்தபின் கட்டியாகும். வாரம் ஒரு முறை ஒருவர் பலுகு எடுத்து இழுத்துச் சமப்படுத்தி, கண்ணாடித் துண்டு கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரப்பர் தரைக்கு இந்த வேலை குறைவு, சக்கர நாற்காலியும் அதில் ஓடும். ஆனால் விலை அதிகம், வெயிலில் நன்றாகச் சூடேறும், ஓரம் பெயர்ந்தால் ஒட்டத் தெரிந்த ஆள் வேண்டும். பணம் குறைவாகவும் வேலைக்கு ஆள் உறுதியாகவும் இருந்தால் மணல், ஆள் கிடைக்காது என்று தெரிந்தால் கருவிகளைப் பாதியாகக் குறைத்துவிட்டு ரப்பர். என் கணக்கு இதுதான். மணலும் போட்டுவிட்டு ஆளும் வைக்காமல் இருப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

விலைப்புள்ளியில் இருக்கும் ஊஞ்சல்களைப் பாருங்கள். நான்கு ஊஞ்சலை ஒரே சட்டத்தில் மாட்டியிருந்தால் அப்போதே நிறுத்திக் கேளுங்கள், ஏனென்றால் ஒரு சட்டத்துக்கு இரண்டு ஊஞ்சல்தான் சரி. ஊஞ்சல் மாட்டியிருக்கும் கம்பியின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் முன்னாலும் அதே அளவு பின்னாலும் காலியாக இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கக் கையேடு. கம்பி 2.4 மீட்டர் உயரம் என்றால் முன்பின்னாக 9.6 மீட்டர் நீளம். விற்பவர் காட்டும் வண்ணப்படத்தில் இந்தக் காலி இடம் தெரியாது. அதனால்தான் சின்ன இடத்தில் பெரிய செட்டை அடைத்துவிடுகிறார்கள், ஓடிவரும் குழந்தைமேல் ஊஞ்சல் மோதுகிறது.

இன்னொரு அளவையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 89 மில்லிமீட்டர், 230 மில்லிமீட்டர். கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையிலோ ஏணிப் படிகளுக்கு இடையிலோ உள்ள இடைவெளி இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தால், சின்னக் குழந்தையின் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். கால் தரையில் படாமல் கழுத்தில் தொங்கும் நிலை அது. உள்ளூர்ப் பட்டறையில் வெல்டிங் செய்யும் கருவிகளில் இந்தத் தவறு மிகச் சாதாரணம், பட்டறைக்காரருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். டேப்பை எடுத்து நீங்களே அளக்கலாம். சறுக்குமரத்தின் உச்சியில் துணியோ கயிறோ மாட்டும் இடுக்கு, நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் இருக்கிறதா என்றும் விரலை விட்டுப் பாருங்கள்.

இனி, யார் கேட்டதைச் செய்வது என்ற உங்கள் சிக்கல். இடத்தின் அளவே பாதியைத் தீர்த்துவிடுகிறது. உங்கள் இடம் 40-க்கு 50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓரமாக நடைபாதை போட்டால் ஒரு சுற்று 160 மீட்டருக்கு மேல் வரும், ஆறு சுற்று ஒரு கிலோமீட்டர். பெரியவர்களுக்கு இது போதும், அதிக இடமும் எடுக்காது. கால்பந்துக்கு இங்கே இடம் இல்லை. உள்ளரங்கக் கால்பந்துத் திடலே 40-க்கு 20 மீட்டர், அதைப் போட்டால் கிட்டத்தட்ட பாதி போய்விடும். கைப்பந்துத் திடல் 18-க்கு 9 மீட்டர், சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 360 சதுர மீட்டரில் அடங்கும். இறகுப்பந்து (பேட்மிண்டன்) அதைவிடச் சிறிது. இளைஞர்களிடம் முடியாது என்று சொல்லாதீர்கள், இந்த அளவுகளைத் தரையில் சுண்ணாம்புக் கோடாகப் போட்டுக் காட்டுங்கள். கோட்டைப் பார்த்தபின் நடக்கும் பேச்சே வேறு மாதிரி இருக்கும், இதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

ஆனால் பந்துத் திடல் போடுவதற்கு முன் வியன்னா நகரத்தின் அனுபவத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1990-களின் நடுவில் அங்கே பூங்காக்களில் யார் வருகிறார்கள் என்று ஆராய்ந்தபோது, பத்து வயதை ஒட்டி பெண் பிள்ளைகள் பூங்காவைவிட்டு மறையத் தொடங்குவது தெரிந்தது. ஆண் பிள்ளைகள் அப்படி மறையவில்லை. பெரிய ஒற்றைத் திறந்தவெளி இருந்தால் இடத்துக்காக மோத வேண்டியிருந்தது, பெண் பிள்ளைகள் விலகிக்கொண்டார்கள். மார்கரேட்டன் வட்டாரத்தில் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். நடைபாதைகளைக் கூட்டினார்கள், கைப்பந்துக்கும் இறகுப்பந்துக்கும் இடம் ஒதுக்கினார்கள், செடிகொடிகளை வைத்துப் பெரிய வெளியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், ஆண் பிள்ளைகளும் போய்விடவில்லை. உங்களிடம் வந்து கேட்ட இளைஞர்களில் எத்தனை பேர் பெண்கள்? கடிதத்தில் அது இல்லை. ஒருவரும் இல்லை என்றால், அவர்களைத் தேடிப்போய்க் கேட்பது உங்கள் பொறுப்பு.

கூட்டம் போட்டுக் கேட்பது மட்டும் போதாது. கூட்டத்துக்கு வர நேரமும் தைரியமும் உள்ளவர்களே வருவார்கள். என்ன வேண்டும் என்று கேட்டால் எல்லாரும் ஏற்கெனவே பார்த்த ஒன்றையே சொல்வார்கள். இப்போது எங்கே போகிறீர்கள், ஏன் வேறெங்கும் போவதில்லை, எத்தனை மணிக்கு நேரம் கிடைக்கிறது என்று கேளுங்கள். கூடவே இன்னொரு வேலை: ஒரு வேலைநாள், ஒரு விடுமுறை நாள், இரண்டிலும் காலை, மதியம், மாலை என்று ஒவ்வொரு மணி நேரம் அந்த இடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள். யார் குறுக்கே நடக்கிறார்கள், யார் நிற்கிறார்கள், வயது என்ன, ஆணா பெண்ணா. மக்கள் ஏற்கெனவே நடந்து நடந்து ஒற்றையடிப் பாதை ஒன்று விழுந்திருக்கும். உங்கள் நடைபாதை அதை மதிக்க வேண்டும், இல்லாவிட்டால் செடியை மிதித்துக்கொண்டு பழைய வழியிலேயே போவார்கள்.

எவ்வளவு தூரத்திலிருந்து வருவார்கள் என்பதும் முக்கியம். பிரிட்டனில் விளையாட்டு வெளிகளுக்காக 1925-இல் தொடங்கிய ஒரு அமைப்பு, இன்று ஃபீல்ட்ஸ் இன் டிரஸ்ட் என்று பெயர், ஒரு வழிகாட்டி அளவு வைத்திருக்கிறது: சின்னக் குழந்தைகளுக்கான சின்ன இடம் நடந்துபோகும் தூரத்தில் 100 மீட்டருக்குள், கருவிகள் உள்ள இடம் 400 மீட்டருக்குள், பெரிய பிள்ளைகளுக்கானது 1,000 மீட்டருக்குள். உங்கள் வரைபடத்தில் இந்த வட்டங்களைப் போட்டுப் பாருங்கள். பழைய பூங்கா 400 மீட்டருக்குள் இருந்தால், அதைச் சரிசெய்து சின்னப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு இங்கே வேறு செய்யலாம். நடுவில் வண்டிகள் வேகமாகப் போகும் சாலை ஒன்று இருந்தால் அந்த 400 மீட்டருக்கு அர்த்தமே இல்லை, அதைத் தாண்டித் தாய் பிள்ளையைத் தனியாக அனுப்ப மாட்டாள்.

கருவி குறைந்தால் பூங்கா சின்னதாகத் தெரியும் என்று பயப்படாதீர்கள். ஆம்ஸ்டர்டாமில் 1947-இல் ஒரு சின்னச் சதுக்கத்தில் ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக் கலைஞர் ஒரு விளையாட்டு இடம் அமைத்தார். மணல்குழி, குட்டிக்கரணம் போடும் கம்பிகள், தாவிக் குதிக்கக் கற்கள், மரங்கள், உட்காரப் பெஞ்சு, அவ்வளவுதான். பக்கத்துத் தெருக்காரர்கள் எங்களுக்கும் வேண்டும் என்று மாநகராட்சிக்கு எழுதத் தொடங்கினார்கள். 1978-க்குள் அந்த நகரத்தில் அவர் அமைத்தவை 700-க்கு மேல். ஆடும் அசையும் பாகம் ஏதும் கிடையாது, அதனால் உடைவதும் குறைவு. ஒரு கம்பியையே பிள்ளைகள் தொங்கவும் ஏறவும் உட்கார்ந்து பேசவும் வைத்துக்கொள்வார்கள். மணலில் இரண்டு வயதுக் குழந்தையும் எட்டு வயதுப் பிள்ளையும் ஒன்றாக விளையாட முடியும், கோபுரச் செட்டில் அது முடியாது.

ஜிம் கருவி ஆறு வேண்டாம், இரண்டு போதும். திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகளுக்கு ஐரோப்பாவில் தனித் தரநிலை இருக்கிறது, ஈ.என். 16630. 1.40 மீட்டர் உயரத்துக்கு மேற்பட்டவர்களுக்கே அவை என்று அது சொல்கிறது. சின்னப் பிள்ளைகள் அவற்றை ஊஞ்சலாக நினைத்து ஏறி விரலை நசுக்கிக்கொள்வார்கள். அதனால் விளையாடும் இடத்தோடு ஒட்டி வைக்காமல், பெற்றோர் அங்கிருந்து பிள்ளைகளைப் பார்க்கும்படி தள்ளி வையுங்கள். அசையும் கருவிகளைவிட, தொங்கவும் தண்டால் எடுக்கவும் உதவும் நிலையான கம்பிகள் பல மடங்கு உழைக்கும்.

கழிப்பறை பற்றித் தாய்மார்கள் சொன்னது நியாயம். அது இல்லாத இடத்தில் சிறு குழந்தையோடு வருபவரும் வயதானவரும் அரைமணி நேரத்துக்கு மேல் இருக்க முடியாது. ஆனால் தண்ணீர் இணைப்பும் தினமும் சுத்தம் செய்யும் ஆளும் உறுதியாகும்வரை கட்டாதீர்கள். பூட்டிய கழிப்பறை சீக்கிரமே அந்த மூலையை யாரும் போகாத மூலையாக ஆக்கிவிடும். குழாயை மட்டும் இப்போதே தரைக்கடியில் கொண்டுவந்து வைத்துவிடுங்கள்.

நடக்க முடியாத ஒரு குழந்தை உங்கள் பகுதியில் நிச்சயம் இருக்கும். விளையாடவும் ஓய்வெடுக்கவும் குழந்தைக்கு உள்ள உரிமையை 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை தன் 31-ஆம் பிரிவில் சொல்கிறது, எந்தக் குழந்தையையும் விலக்கவில்லை. மணலில் சக்கரம் ஓடாது. ஆகவே வாசலிலிருந்து குறைந்தது ஒரு ஊஞ்சல் வரையும், இடுப்பு உயரத்தில் அமைத்த ஒரு மணல் மேசை வரையும் கெட்டியான பாதை போக வேண்டும். அந்த ஊஞ்சலுக்குக் கீழே மட்டுமாவது ரப்பர் போடுங்கள். வாசலில் வண்டிகளைத் தடுக்க நடும் தூண்கள் சக்கர நாற்காலியையும் தடுத்துவிடுகின்றனவா என்று பாருங்கள், பல இடங்களில் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

மூன்று மாதக் கெடுவுக்கு வருகிறேன். யாரிடமும் கேட்காமலேயே சரி என்று சொல்லக்கூடிய வேலைகள் இருக்கின்றன: இடத்தைச் சமப்படுத்துவது, தண்ணீர் வடிய வழி, சுற்றுப்பாதை, குழாய், விளக்கு, முதுகு சாய்க்கும் பெஞ்சுகள், மரக்கன்று, அதற்குக் கூண்டு. மாலை வெயில் விழும் மேற்குப் பக்கத்தில் மரம் நடுங்கள், பிள்ளைகள் விளையாட வருவது அந்த நேரத்தில்தான். நிழலில்லாத சறுக்குமரம் தொடையைச் சுட்டுவிடும், அது உலோகமாக இருந்தால் இன்னும் மோசம். இந்த நிதியில் இவற்றையும், ஒரு ஊஞ்சல் சட்டத்தையும் அதன் கீழ் சரியான தரையையும் முடித்துவிடலாம். மீதியை அடுத்த ஆண்டு, எண்ணிய கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். நிதி ஆணையில் கருவி என்று மட்டுமே இருந்தால், தரையும் வடிகாலும் கருவியை நிறுவுவதன் பகுதி என்று பொறியாளரை மதிப்பீட்டில் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். அது தந்திரமில்லை, தரநிலைகளே அப்படித்தான் பார்க்கின்றன.

கையெழுத்து? இந்த விலைப்புள்ளியில் வேண்டாம். திருப்பி அனுப்பும்போது இவற்றைக் கேளுங்கள்: எந்தத் தரநிலைப்படி செய்தது, அதற்கான பரிசோதனைச் சான்று எங்கே, ஒவ்வொரு கருவியிலிருந்தும் பிள்ளை விழக்கூடிய உயரம் எவ்வளவு, சுற்றிலும் எவ்வளவு இடம் வேண்டும், தேயும் பாகங்களின் பட்டியலும் தனித்தனி விலையும், எத்தனை ஆண்டு கிடைக்கும் என்ற உறுதியும், நிறுவியபின் விற்பவரைச் சேராத ஒருவர் வந்து அளந்து பார்த்த பிறகே கடைசித் தவணை. நல்ல நிறுவனம் ஒரு வாரத்தில் பதில் அனுப்பும்.

மன்றத்தில் தீர்மானம் வரும்போது கூடவே ஒரு வரியைச் சேர்க்கப் போராடுங்கள்: பராமரிப்புக்கு ஆண்டுதோறும் தனி ஒதுக்கீடு, பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளர். வேலை இதுதான். தினமும் அல்லது வாரம் ஒரு முறை கண்ணால் பார்ப்பது, ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை நட்டு போல்ட்டையும் தேய்மானத்தையும் சோதிப்பது, ஆண்டுக்கு ஒரு முறை அடித்தளம்வரை முழுச் சோதனை. ஒரு நோட்டில் தேதியும் கையெழுத்தும். உங்கள் பழைய பூங்காவில் அந்த நோட்டு இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். ஒதுக்கீடு கிடைக்கவில்லை என்றால் கருவியின் எண்ணிக்கையைக் குறையுங்கள், இருக்கும் ஆள் எத்தனையைப் பார்த்துக்கொள்ள முடியுமோ அத்தனை மட்டும்.

எண்ணிய தாள்களையும் இடத்தின் அளவோடு ஒரு கைப்படத்தையும் எனக்கு அனுப்புங்கள். எந்த மூலையில் எது பொருந்தும் என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். கழற்றிய ஊஞ்சலின் கொக்கியைத் தூக்கி எறிய வேண்டாம். அடுத்த மன்றக் கூட்டத்தில் பராமரிப்பு ஒதுக்கீடு பற்றிப் பேசும்போது அதை மேசைமேல் வைத்துக் காட்டுங்கள்.